வாங்கிய மரக்கறி வாரம் முழுக்க வர வேண்டும்

(மாதர் தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், பேர், சேமலாப நிதி, நிலுவை என்று பேசுகிற இந்த மேடையில் இன்றைக்குக் கோவாவையும் கரட்டையும் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கு ஒரு கூட்டமா?" என்று சில அண்ணன்மார் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். வியாழக்கிழமை இராத்திரி சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு "இன்னைக்கும் சம்பலா?" என்று கேட்கிறவர்களும் இதே அண்ணன்மார்தான்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வீட்டில் கிழமைக்கு 400 ரூபாவுக்கு மரக்கறியும் பழமும் வாடியோ அழுகியோ குப்பைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோவாவில் பாதி, ஒரு பிடி கீரை, நாலைந்து தக்காளி, கொஞ்சம் போஞ்சி. இன்றைய விலைக்கு அவ்வளவுதான், 400 ரூபா வந்துவிடும். மாதத்துக்கு 1600 ரூபா. அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வருவதற்கு நாம் எத்தனை வருடம் கத்தினோம், எத்தனை நாள் ரோட்டில் உட்கார்ந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் ஒரு நாள் பேருக்கு மேலேயே மாதாமாதம் அடுப்படி மூலையில் அழுகிப் போகிறது. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, மலை ஏறி இறங்கிச் சம்பாதித்த பேர் அது.

இது பெண்களின் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். காலையில் பிரட்டுக்குப் போய்ப் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் ஒரு தாய்க்குக் கிழமை நாளில் டவுனுக்குப் போக நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைதான். பெரும்பாலான தோட்டங்களில் 10ம் திகதி சம்பளம், 25ம் திகதி அளவில் முற்பணம். கையில் காசு இருக்கிற அந்த இரண்டு கிழமையில்தான் பை நிறைய வாங்குகிறோம். வாங்கி வந்து வைக்கிற இடமோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதிலேயே அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் புத்தகம், ஈர உடுப்பு. நல்ல இடவசதி உள்ள வீட்டுக்காரர் கூடுதல் நாள் பாதுகாக்கிற மரக்கறியை நாம் சீக்கிரமே இழக்கிறோம் என்றால் அதற்கு அந்தக் காம்பராவும் ஒரு காரணம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். இருக்கிற இடத்தில் இன்றைக்கே என்ன செய்யலாம் என்பதை முதலில் பார்ப்போம்.

இந்த விசயத்தில் உங்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். கொழுந்தைச் சாக்கில் அமுக்கி அமுக்கித் திணித்தால் என்ன ஆகும்? கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் சிவந்துபோகும். அதனால்தான் அமுக்காதே, வெயிலில் போடாதே என்று கணக்கப்பிள்ளை சத்தம் போடுகிறார். பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, மூச்சு விடும்போது சூடு வருகிறது. காற்றுப் போக இடமில்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே அது வெந்து கெடுகிறது. ஸ்டோரில் என்ன செய்கிறார்கள்? தட்டில் பரப்பி, கீழேயிருந்து காற்றடித்து, கொழுந்தில் உள்ள தண்ணீரைப் போக்கி வாட்டுகிறார்கள்.

மரக்கறிக்கும் இதே கதைதான். பொலித்தீன் பையை இறுக்கி முடிந்து மூலையில் போட்டால், சாக்கில் அமுக்கிய கொழுந்து மாதிரி வியர்த்து அழுகும். அதையே திறந்து காற்றில் பரப்பிப் போட்டால், ஸ்டோரில் வாட்டுகிற மாதிரி வாடிவிடும். ஒன்று அழுகல், இன்னொன்று வாடல். எந்தக் காய்க்கு எது எதிரி என்று தெரிந்தால் போதும்.

உருளைக்கிழங்கு, வெங்காயம், வெள்ளைப்பூடு, வட்டக்காய் இவைகளுக்கு ஈரம்தான் எதிரி. இவற்றைக் காற்றோட்டமாக, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் லயத்தில் காய்ந்த இடம் எது? அடுப்புக்கு மேலே உள்ள பரண். வெங்காயத்தையும் பூட்டையும் வலைப் பையில் போட்டு, நெருப்புச் சூடு நேரே படாமல் ஒரு பக்கமாகத் தொங்க விடுங்கள். புகைபட்டால் பரவாயில்லை. உருளைக்கிழங்கை அங்கே வைக்காதீர்கள், சூட்டில் முளைவிடும். அதற்குக் குளிர்ச்சியும் இருட்டும் வேண்டும். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் போட்டு, தரையில் படாமல் இரண்டு கல் மேல் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்தி விடுங்கள். கிழங்கும் வெங்காயமும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. கிழங்கு விடுகிற ஈரத்தில் வெங்காயம் அழுகும்.

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சையில் நஞ்சு இருக்கிறது, அவித்தாலும் போகாது. கொஞ்சமாக இருந்தால் பச்சையையும் முளையையும் ஆழமாகச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். முழுக்கப் பச்சையாகிக் கசந்தால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

வட்டக்காயை முழுதாக, காம்போடு வாங்கினால் காய்ந்த இடத்தில் இரண்டு மாதம் கூடக் கிடக்கும். வெட்டிய துண்டுக்கு அந்த ஆயுசு இல்லை. முதலில் அழுகுவது நடுவிலுள்ள விதையும் நாரும்தான். வீட்டுக்கு வந்ததும் அதை வழித்து எடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் கூடக் கிடைக்கும். லயத்தில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரு முழுக் காயை வாங்கி, வெட்டுகிற அன்றே பங்கு போட்டுக்கொள்வது இதைவிட நல்லது.

கரட், பீட்ரூட், முள்ளங்கி, நோக்கோல், லீக்ஸ், கீரை இவைகளுக்கு வறட்சிதான் எதிரி. கரட்டையும் பீட்ரூட்டையும் இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்தவுடனே இலையை வெட்டுங்கள். கிழங்கிலுள்ள தண்ணீரை இலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெட்டிய இலையை எறியாதீர்கள். பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் நல்ல கீரை, அன்றைக்கே சுண்டிவிடலாம். கரட் வாங்கும்போது கழுவிப் பளபளப்பாக இருப்பதைத்தான் எல்லோரும் தேடுகிறோம். மண்ணோடு கிடைத்தால் அதை வாங்குங்கள், அதுதான் நாள்பட இருக்கும். பழைய வாளியில் இலேசாக ஈரமான ஆற்று மணலைப் போட்டு அதற்குள் கரட்டைப் புதைத்து வைத்தால், நம் குளிருக்கு இரண்டு மூன்று கிழமை மொரமொரவென்று இருக்கும். இஞ்சியையும் அதே மணலில் செருகி வைக்கலாம்.

கீரையைக் கழுவி வைக்க வேண்டாம். பழுத்த இலையையும் நசுங்கிய இலையையும் பொறுக்கிவிட்டு, ஈரத்தைப் பிழிந்த துணியில் தளர்வாகச் சுற்றி, குளிர்ந்த சுவரோரமாக நிற்க வையுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி மாதிரி தண்டு உள்ளவற்றைப் பூச்சாடி மாதிரி ஒரு கோப்பைத் தண்ணீரில் நிறுத்தலாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். எப்படி வைத்தாலும் கீரைக்கு இரண்டு நாள்தான் வயது. கோவாவின் மேல் இலையைக் கடையிலேயே உரித்துப் போடச் சொல்லாதீர்கள், அது சட்டை மாதிரி. பாதியாக வெட்டி வைப்பதை விட, தேவைக்கு இலை இலையாக உரித்து எடுத்தால் மிச்சம் கறுக்காமல் இருக்கும். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளி, துடைத்து, கடதாசி போட்ட போத்தலில் வையுங்கள். ஒரு மிளகாய் அழுகினாலும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

பழங்கள் ஒரு தனி ஜாதி. வாழை, பப்பாசி, மாம்பழம், ஆனைக்கொய்யா, தக்காளி இவை பழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை விடுகின்றன. பக்கத்தில் இருப்பதையும் அது பழுக்க வைக்கும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், கரட் இருந்தால் கசக்கும். சந்தையிலிருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுவந்து அப்படியே வைப்பதால் நடக்கிற நட்டம் இதுதான். வாழைச் சீப்பைத் தனியாகத் தொங்க விடுங்கள். அதே வாயுவை நமக்கு உதவியாகவும் ஆக்கலாம். காயாக இருக்கிற ஆனைக்கொய்யாவை ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் சுற்றி வைத்தால் சீக்கிரமாக மசியும். தக்காளியைக் காம்பு இருந்த பக்கம் கீழே வருகிற மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வையுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது எந்தக் கறியை எந்த நாளில் ஆக்குகிறோம் என்பது. ஞாயிறு சந்தைக்குப் போய் வந்த களைப்பில் திங்கட்கிழமை என்ன ஆக்குகிறோம்? உருளைக்கிழங்கு. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சீக்கிரம் வேகும். செவ்வாயும் கிழங்குதான். புதனன்று பார்த்தால் கீரை மஞ்சள், போஞ்சி வழுவழு. வியாழன் வெள்ளிக்கு ரொட்டியும் சம்பலும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதி நட்டம் நின்றுவிடும். ஞாயிறும் திங்களும் கீரை. அடுத்த இரண்டு நாள் போஞ்சி, லீக்ஸ், கத்தரிக்காய். பிறகு கோவா, நோக்கோல். வெள்ளி சனிக்குக் கரட், பீட்ரூட், வட்டக்காய், உருளைக்கிழங்கு. சவ்சவ் எப்போதும் கைவசம் ஒன்றிரண்டு இருக்கட்டும், அது பல நாள் தாங்கும். முளைத்துவிட்டால் வேலியோரம் நட்டுவிடுங்கள், அடுத்த வருடம் கடையில் வாங்க வேண்டியதில்லை.

எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே யோசனை சரிவராது. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தொடங்கினால் மழையும் பனியும்தான். அங்கே பிரச்சினை ஈரலிப்பு. அதே நேரத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும், கீரை ஒரே பொழுதில் சுருண்டுவிடும். நுவரெலியாக் குளிர் இலவசமாகக் கிடைத்த பிரிட்ஜ் மாதிரி. இரத்தினபுரி, கேகாலையில் இறப்பர் வெட்டுகிற சகோதரிகளுக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தே இருப்பதால், அவர்கள் கீரையும் பழமும் கொஞ்சமாகவே வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே வீட்டைச் சுற்றி நாலு தண்டு கங்குனும் ஒரு பப்பாசி மரமும் நட்டுக்கொள்வது எந்தப் பெட்டியையும் விட உதவும்.

ஊவாப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு பானை முறை சொல்கிறோம். பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானையை வைத்து, இரண்டுக்கும் நடுவில் மணலை நிரப்பி, அந்த மணலை எப்போதும் ஈரமாக வைக்க வேண்டும். மேலே ஈரத்துணி. காற்றுப்படும் நிழலில் வைத்தால் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர், குயவர் குடும்பத்துப் பிள்ளை, 1990களில் இதைத் தன் ஊர் ஏழைகளுக்குப் பரப்பினார். மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் அவருடைய பானையில் 27 நாள் இருந்தது. 2000ம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. ஆனால் அது பாலைவனத்தை அடுத்த வறண்ட ஊர். பனி மூடிய மஸ்கெலியாவில் ஆவி போக இடமில்லாததால் பானை குளிராது. வீணாகக் காசு செலவழிக்க வேண்டாம்.

இனிச் சொல்லப் போவதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். உரம் வந்த சாக்கைக் கழுவிக் காயவைத்துக் கிழங்கு போடுகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த கேனில் தண்ணீர் பிடிக்கிற வீடும் இருக்கிறது. கேன் உறுதியானது, கழுவினால் மணம் போய்விடும், எறிய மனமில்லை. மணம் போனாலும் மருந்து போகாது, பிளாஸ்டிக்கில் ஊறி இருக்கும். மருந்துக் கேனையும் உரச் சாக்கையும் சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். வெற்றுக் கேன்களை ஓட்டை போட்டுத் திரும்ப ஒப்படைக்கும் பொறுப்பை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று தலைவர்மார் தோட்டக் கூட்டத்தில் கேட்க வேண்டும். அவை லயத்துக்கு வந்து சேர்கிற வழியை அடைக்காமல் பெண்களுக்கு மட்டும் புத்தி சொல்வதில் நியாயமில்லை.

மருந்து என்றதும் இன்னொன்று. சந்தை மரக்கறிக்கும் மருந்து அடிக்கிறார்கள். வைக்கும்போது கழுவாதீர்கள் என்று சொன்னோம், சமைக்கும்போது பீலித் தண்ணீர் ஓடுகிற மாதிரிப் பிடித்து நன்றாகக் கழுவுங்கள். வெட்டுவதற்கு முன்னால் கழுவ வேண்டும்.

பூஞ்சணம் பிடித்ததை என்ன செய்வது? கரட், கோவா மாதிரிக் கெட்டியானதில் ஒரு இடத்தில் மட்டும் இருந்தால் சுற்றி ஒரு அங்குலம் தள்ளி ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். தக்காளி, பப்பாசி மாதிரி மெதுவானதை முழுதாகவே எறிய வேண்டும், பூஞ்சணம் உள்ளே ஓடியிருக்கும். எலி கடித்ததை வெட்டிக்கூடச் சாப்பிட வேண்டாம். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் வருகிறது. பழத்தைத் தரையில் வைக்காமல் தொங்க விடச் சொல்வது இதற்காகவும்தான்.

பிரிட்ஜ் உள்ள வீடுகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீரை, கரட், போஞ்சி, லீக்ஸ் உள்ளே போகட்டும். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, வெங்காயம், பழுக்காத தக்காளி வெளியிலேயே இருக்கட்டும். குளிரில் வாழை கறுக்கும், தக்காளி ருசி கெடும். மேல் மலையில் இருக்கிறவர்கள் மரக்கறிக்காக மட்டும் தவணை முறையில் பிரிட்ஜ் எடுக்க நினைத்தால், கட்டுப்பணத்தையும் கரண்ட் பில்லையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவு நேரம் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டில் கறி குறைந்தால் யாருடைய தட்டில் குறைகிறது? வேலைக்குப் போகிற ஆணுக்கு முதலில், பிள்ளைகளுக்கு அடுத்து, மாமியாருக்கு அதற்கடுத்து. சட்டியைத் துடைத்துச் சாப்பிடுகிறவள் அன்றைக்கு மலையில் கூடை சுமந்தவள். மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, நகம் வெளுத்திருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லும்போது மிஸ்ஸி இரத்தம் குறைவு என்கிறார், கீரை சாப்பிடு, பழம் சாப்பிடு என்கிறார். வாங்கியது அழுகிப் போயிருந்தால் எதைச் சாப்பிடுவது? கீரையிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர ஒரு கொய்யாப்பழமோ கொஞ்சம் தேசிக்காய்ச் சாறோ கூட வேண்டும். சோறு உண்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து சேராமல் போகிறது. தேயிலையால் பிழைக்கிற நாம் தேயிலையைக் குறை சொல்லவில்லை, ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்கிறோம். புதன்கிழமைக்குப் பிறகும் வீட்டில் பச்சையாக ஏதாவது இருக்க வேண்டும், அதில் அந்தத் தாய்க்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கப்பட வேண்டும். அண்ணன்மார் இதை மட்டுமாவது கேட்டுக்கொண்டு போங்கள்.

இப்போது காம்பராவுக்கு வருவோம். மணல் வாளியும் ஈரத்துணியும் நம்மால் முடிந்தவை. ஒழுகுகிற தகரமும் ஈரம் ஊறுகிற சுவரும் காற்றே வராத அடுப்படியும் நம்மால் முடிந்தவை அல்ல. லயத்தைப் பழுது பார்க்கச் சொல்லி நாம் கொடுக்கிற கடிதங்களில் கூரை, கக்கூஸ், தண்ணீர் என்று எழுதுகிறோம். சாமான் வைக்க ஓர் இடம் வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. இனி எழுதுவோம். அடுப்படிச் சுவரில் கம்பிவலை அடித்த ஒரு சிறிய காற்றோட்டத் துவாரம், அதன் உள்பக்கம் இரண்டு தட்டுப் பலகை. பெரிய செலவு கிடையாது. புதிதாகத் தனிவீடு கட்டுகிற இடங்களில் வரைபடம் போடும்போதே குசினியில் வெயில் படாத பக்கம் இதற்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை உடைக்க ஒருவரும் வரமாட்டார்கள். சம்பளமும் முற்பணமும் சந்தை நாளுக்குப் பிந்திக் கைக்கு வருகிற தோட்டங்களில், அதை ஓரிரு நாள் முன்னே தரும்படி நிர்வாகத்தோடு பேசிப் பார்க்கலாம். காசு வரும்வரை வேன்காரரிடம் கடனுக்கு வாங்குகிறவர்களுக்கு அவர் கடைசியில் மிஞ்சியதைத்தான் தருவார்.

தலைவிமார் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் டிவிஷனில் எத்தனை அடுப்படியில் காற்றுத் துவாரம் இல்லை, எத்தனை சுவரில் ஈரம் ஊறுகிறது என்று லயம் இலக்கம், வீட்டு இலக்கத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுப்போம். வாளியும் மணலும் கொண்டுவந்திருக்கிறோம். கரட்டைப் புதைத்து வைக்கிற விதத்தை இப்போது வெளியே காட்டுகிறோம், வாருங்கள்.